ஏறிய எடையை மீண்டும் இறக்க: கடற்கரை வீட்டுச் சாப்பாட்டுக்கான முழுமையான வழிகாட்டி

ஆறு கிலோ குறைத்தவருக்கு அதில் நாலு கிலோ திரும்ப ஏறிவிட்டால், பசியைவிட வெட்கம்தான் பெரிதாக வந்து நிற்கும். எடைக்கருவி கட்டிலுக்கு அடியில் போகும். "நமக்கு இது சரிப்பட்டு வராது" என்ற பேச்சு தொடங்கும். அப்படி நினைப்பவர்களுக்காகத்தான் இந்த வழிகாட்டி. ஏறிய எடையை வைராக்கியத்தால் மட்டும் இறக்க முடியாது. சோற்றுப்பானையில் போடும் அரிசியின் அளவை மாற்றினால் இறக்கலாம். தொண்டி, தேவிபட்டினம் முதல் ராமேஸ்வரம் வரையிலும், மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி, மூக்கையூர் வரையிலும் உள்ள வீடுகளின் சமையலையும் காலத்தையும் மனதில் வைத்தே இதை எழுதுகிறோம்.

உடம்பு ஏன் திரும்ப ஏற்றுகிறது

எடை குறைந்த உடம்பு முன்பைவிடக் குறைவான கலோரியில் ஓடும். சுமக்கும் பாரம் குறைந்தது ஒரு காரணம். உடம்பு தானாகவே செலவைச் சுருக்கிக்கொள்வது இன்னொரு காரணம். பசியைத் தூண்டும் ஹார்மோனும் கூடுகிறது. 2011இல் மெல்போர்ன் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், பத்து வாரக் கடும் உணவுக் கட்டுப்பாட்டில் எடை குறைத்தவர்களுக்கு ஓராண்டு கழிந்த பிறகும் பசி ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அதனால் எடை குறைத்த பிறகு அதிகமாகப் பசிப்பதை உங்கள் பலவீனம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தப் பசி நிஜமானது. அதற்கு இடம் கொடுத்துத்தான் சாப்பாட்டைத் திட்டமிட வேண்டும்.

இந்தக் கரைக்கே உரிய காரணம் ஒன்றும் உண்டு. வலை இழுக்கும் நாளுக்கு ஏற்ற அளவில் சாப்பிட்டுப் பழகிய வீடு, கரையில் இருக்கும் நாளிலும் அதே அளவில்தான் சமைக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். உழைப்பு நின்றுபோகும், சோறு நிற்காது. மீன் வரத்துக் குறைந்து விலை ஏறுவதால் தட்டில் மீன் இருந்த இடத்துக்கு உருளைக்கிழங்கும் அப்பளமும் கருவாடும் வந்துவிடும். கோடை விடுமுறையும் கோயில், தேவாலயத் திருவிழாக்களும் கூடவே வரும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. பாம்பனில் புயல் கூண்டு ஏறினால் படகுகள் கரையில்தான். வெளிநாட்டு வேலையிலிருந்து விடுப்பில் வருபவருக்கோ, வந்த நாள் முதல் திரும்பும் நாள் வரை வீடு வீடாக விருந்து.

முதல் வாரம்: குறைக்காதீர்கள், அளந்து பாருங்கள்

ஏறியதைப் பத்து நாளில் இறக்கிவிட வேண்டும் என்று காலைச் சாப்பாட்டை விடுவதும், இரவுக்குக் கஞ்சி மட்டும் குடிப்பதும்தான் பலரும் முதலில் செய்வது. அது ஒரு வாரத்துக்கு மேல் தாங்காது. எட்டாம் நாள் மாலையில் வடையும் பரோட்டாவும் சேர்த்து உள்ளே போகும். பிறகு மனம் முழுதாகக் கைவிட்டுவிடும்.

முதல் ஏழு நாள் வழக்கம்போலச் சாப்பிடுங்கள். மூன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

1. எடை. காலையில் கழிவறை போய்வந்த பிறகு, எதுவும் சாப்பிடுவதற்கு முன், ஒரே கருவியில். கருவி சிமெண்டு அல்லது டைல்ஸ் தரையில் இருக்க வேண்டும். பாய் மேல் வைத்தால் தவறாகக் காட்டும். ஏழு நாள் எடையைக் கூட்டி ஏழால் வகுத்தால் வருவதுதான் உங்கள் எடை. ஒற்றை நாள் எண்ணை எடையாகக் கொள்ளாதீர்கள்.

2. இடுப்புச் சுற்றளவு. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் டேப்பைச் சுற்றி, மூச்சை இயல்பாக விட்டபின் அளக்க வேண்டும். இந்தியர்களுக்கு எச்சரிக்கை அளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. கைலியும் நைட்டியும் எந்த இடுப்புக்கும் இடம் கொடுக்கும். அதனால்தான் ஐந்து கிலோ ஏறும்வரை வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை.

3. எந்த நேரத்தில், யாரோடு இருக்கும்போது அதிகமாகச் சாப்பிடுகிறீர்கள் என்பது. அளவு எழுத வேண்டாம். "மாலை 5, படகுத்துறை, டீ வடை" என்று ஒரு வரி போதும்.

விருந்துக்கு மறுநாள் ஒன்றரைக் கிலோ கூடியிருந்தால் பதற வேண்டாம். ஒரு கிலோ கொழுப்பு சேர ஏறத்தாழ 7,700 கலோரி மிகையாகச் சாப்பிட வேண்டும். ஒரு வேளை பிரியாணியில் அது நடக்காது. உடம்பில் சேமிப்பாகும் ஒவ்வொரு கிராம் மாவுச்சத்தும் தன்னோடு சுமார் மூன்று கிராம் நீரைப் பிடித்துவைக்கிறது. கருவாட்டிலும் ஊறுகாயிலும் உள்ள உப்பும் நீரைத் தேக்கும். மூன்று நான்கு நாள் வழக்கமான சாப்பாட்டில் இந்த நீர் தானே வடியும். இதே காரணத்தால்தான் புதிதாகத் தொடங்குபவருக்கு முதல் பத்து நாளில் எடை மளமளவென்று இறங்கி, பிறகு நின்றதுபோலத் தோன்றுகிறது. அந்த இடத்தில் நிறுத்திவிடுபவர்கள் ஏராளம். உண்மையான இறக்கம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

சோறு: எல்லாம் இங்கேதான் தொடங்குகிறது

கரண்டிக் கணக்கை நம்பாதீர்கள். வீட்டுக்கு வீடு கரண்டி வேறு, பரிமாறும் கையும் வேறு. 200 மில்லி சில்வர் டம்ளர் ஒன்றைச் சோற்றுக்கென ஒதுக்குங்கள். அழுத்தாமல் தலை வெட்டி எடுத்தால் ஏறத்தாழ 150 கிராம் சோறு, அதாவது 200 கலோரிக்குப் பக்கம். முதல் வாரத்தில் நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் சோறு எத்தனை டம்ளர் என்று ஒரே ஒரு நாள் அளந்து பாருங்கள். மூன்று, மூன்றரை வருவது இங்கே சாதாரணம்.

இரண்டாம் வாரத்திலிருந்து மதியம் மூன்று டம்ளரை இரண்டாக்குங்கள், இரவில் அரை டம்ளரைக் குறையுங்கள். நாளுக்கு 300 கலோரி மிச்சம். மாதத்துக்கு 9,000, கணக்குப்படி ஒரு கிலோவுக்குச் சற்று மேல். நடைமுறையில் கொஞ்சம் குறைவாகவே இறங்கும், உடம்பும் செலவைச் சுருக்குமே. இதைவிட வேகமாக வெட்டினால் பசி மீண்டும் உங்களைத் தோற்கடிக்கும்.

கடலுக்குப் போகும் ஆளுக்கு இரண்டு அளவு வேண்டும். வலை இழுக்கும் நாளில் பழைய அளவே இருக்கட்டும். அந்த உழைப்புக்கு அது தேவை. கரையில் நிற்கும் நாளில் வேளைக்கு ஒன்றரை டம்ளர். வலை பின்னுவதும் படகுக்கு வண்ணம் அடிப்பதும் வேலைதான், ஆனால் கடல் வேலைக்கு ஈடான கலோரியை அது எரிக்காது. உட்கார்ந்த வேலை பார்க்கும் பெண்களுக்கு ஒரு டம்ளரிலிருந்து ஒன்றேகால் போதும். வயிறு காலியாகத் தெரியும் என்பவர்கள் எடுத்த சோற்றின் இடத்தை ரசத்தால் நிரப்பக் கூடாது. ரசம் இன்னும் சோற்றைக் கேட்கும். முருங்கைக்கீரை, அவரை, புடலை, முட்டைக்கோஸ், பூசணி என்று பொரியல் அல்லது கூட்டு ஒரு டம்ளர் முழுக்க வையுங்கள்.

தட்டை மாற்றுவதைவிட முக்கியம் உலையை மாற்றுவது. ஒரு ஆழாக்கு அரிசி ஏறத்தாழ 140 கிராம். வடித்தால் 400 கிராம் சோறு வரும். வீட்டில் ஒருவர் அளவைக் குறைக்கிறார் என்றால் வேளைக்கு அரை ஆழாக்கு குறைத்துப் போடுங்கள். பழைய அளவிலேயே பொங்கினால் மிஞ்சும் சோறு யார் வயிற்றிலாவது போகும். பெரும்பாலும் அது கடைசியில் சாப்பிட உட்காரும் பெண்ணின் வயிறு. பிள்ளைகள் தட்டில் விட்டதும் பானை அடியில் இருப்பதும் வீணாகக் கூடாதென்று சாப்பிடுவதில் மட்டும் நாளுக்கு இருநூறு கலோரி சேர்ந்துவிடும். எடை திரும்ப ஏறிய தாய்மார்கள் பலருக்கு விருந்தைவிட இந்த மிச்சம்தான் காரணம். முதல் பந்தியிலேயே உங்கள் தட்டில் உங்கள் அளவைப் போட்டு எடுத்துவைத்துவிடுங்கள். மிஞ்சினால் தண்ணீர் ஊற்றுங்கள். ஆனால் காலையில் அந்தப் பழைய சோறுதான் சாப்பாடு. அதற்கு மேல் இட்லி கூடாது.

சோற்றுக்குப் பதில் சப்பாத்திக்கோ வரகு, தினைக்கோ மாறினால் போதும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. சமைக்கும் முன் எடைக்கு எடை பார்த்தால் கோதுமை மாவு, வரகு, தினையின் கலோரியும் அரிசியை ஒட்டியதுதான். நார்ச்சத்தால் பசி தாமதமாக வரலாம்; அதற்காக அளவை விட்டுவிட முடியாது. பனங்கிழங்கும் மாவுச்சத்துதான். இரண்டு கிழங்கு தின்ற மாலை, இரவுச் சோற்றில் அரை டம்ளரைக் கழியுங்கள்.

மீன் இருக்கும்வரை பயமில்லை

இந்தக் கரையில் வாழ்பவருக்குக் கிடைத்த பெரிய வசதி மீன். நூறு கிராம் மீன் சதையில் 20 கிராமுக்குப் பக்கம் புரதம். புரதம் வயிற்றை நிறைக்கும், எடை இறங்கும்போது தசை கரைவதைக் குறைக்கும். மதியமும் இரவும் உள்ளங்கை அகலத்தில் இரண்டு துண்டு, அல்லது சூடை, நகரை போன்ற சிறு மீன் என்றால் ஐந்தாறு. "இன்னும் கொஞ்சம் போட்டுக்கப்பா" என்று அம்மா கரண்டியோடு வந்தால், "மீனு வைங்கம்மா, சோறு போதும்" என்று சொல்லுங்கள். வேண்டாம் என்று கையை மறித்தால் மனம் நோகும். இதைக் கேட்டால் அவர்களுக்கும் திருப்தி, உங்கள் கணக்கும் தப்பாது.

தடைக்காலத்தில் நாட்டுப்படகு மீன் வரும். விலையும் அளவும் முன்போல இருக்காது. மீன் இல்லாத நாளுக்கு இரண்டு முட்டை (12 கிராம் புரதம்), அல்லது வேகவைத்த கொண்டைக்கடலை, பாசிப்பயறு, தட்டைப்பயறு ஒரு டம்ளர். கருவாடு தீய உணவு இல்லை, அதில் உப்புதான் தொல்லை. வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் ஊறப்போட்டு, இரண்டு மூன்று முறை கழுவி, குழம்புக்கு வேறு உப்பு போடாமல் சமைக்க வேண்டும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் வாரத்துக்கு ஒரு நாளோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

எண்ணெயில்தான் கணக்கு ரகசியமாகத் தப்பும். ஒரு டீஸ்பூன் 45 கலோரி. முழுகப் பொரித்த மீனை விட்டு, தோசைக்கல்லில் இரண்டு டீஸ்பூன் விட்டு நாலு துண்டு வறுத்தால் துண்டுக்கு இருபதுக்குச் சற்று மேல் கலோரிதான் கூடும். முண்டு மிளகாய் அரைத்த மசாலாவில் ஒரு மணி நேரம் ஊறிய மீனுக்கு அதற்கு மேல் எண்ணெய் தேவையும் இல்லை. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் 2,000 கலோரி உணவுக்கு நாளுக்கு 27 கிராம் எண்ணெய் என்று இருக்கிறது. நாலு பேர் வீட்டில் மாதம் 3 லிட்டர் என்றால் ஆளுக்கு 23 கிராம் வரும். மாதத் தொடக்கத்தில் 3 லிட்டரை மட்டும் வாங்கி வையுங்கள், தனித்தனியாக அளக்கும் வேலை மிச்சம். தேங்காயையும் மறக்கக் கூடாது. அரை மூடி தேங்காயை எடுத்தால் 150 கிராம் பருப்பு, 500 கலோரியைத் தாண்டும். வாரத்தில் நாலு நாள் தேங்காய் சேர்க்காத புளிக்குழம்பு, மூன்று நாள் அரைத்துவிட்ட குழம்பு என்று பிரித்துக்கொண்டால் ருசியும் போகாது.

டீக்கடை, கருப்பட்டி, குவார்ட்டர்

படகு போகாத நாளில் ஐந்து டீ, டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை. அதிலேயே 200 கலோரி போய்விடும். வடை ஒன்று சுமார் 120 முதல் 150. இரண்டு டீ என்று நிறுத்துங்கள், "சர்க்கரை கம்மி" என்று சொல்லி வாங்குங்கள். கடைக்குப் போகாமல் இருக்க முடியாது. பேச்சும் செய்தியும் அங்கேதான். சுண்டல் இருந்தால் வடைக்குப் பதில் அது.

கருப்பட்டி எடையைக் கூட்டாது என்பது தவறு. கலோரியில் அது சர்க்கரைக்குப் பக்கம்தான். பதநீரிலும் சர்க்கரை உண்டு, ஒரு டம்ளருக்கு மேல் வேண்டாம். நுங்கு பெரும்பகுதி நீர், தாராளமாகச் சாப்பிடலாம். சாராயம் பற்றிப் பேசாமல் விடுவது நேர்மையில்லை: 180 மில்லி பிராந்தியில் 400 கலோரிக்கு மேல், தொட்டுக்கொள்ளும் பொரிப்பு தனி. தடைக்காலத்தில் ஆண்கள் எடை ஏறுவதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. சோற்றைக் குறைத்து இதை வைத்துக்கொள்வதால் பயன் கிடையாது.

விருந்து, சஹன், நோன்பு

சஹன் என்னும் பெரிய தட்டில் நாலைந்து பேர் சேர்ந்து உண்ணும்போது நாம் எவ்வளவு சாப்பிட்டோம் என்று கண்ணுக்குத் தெரியாது. உட்கார்ந்ததும் உங்கள் பக்கத்தில் உள்ள சோற்றில் இரண்டு கைப்பிடி அளவை விரலால் தனியே ஒதுக்குங்கள். முதலில் கறியும் தயிர் வெங்காயமும், பிறகு ஒதுக்கிய சோறு. அது முடிந்தபின் பேச்சைத் தொடருங்கள், கையைத் தொடரவிட வேண்டாம். வட்டலப்பம், தொதல் போன்ற இனிப்பு வந்தால் ஒரு துண்டு, நன்றாக ருசித்து. விருந்தன்று காலைப் பட்டினி கிடக்காதீர்கள். பசியோடு போனால் பந்தியில் எந்தத் திட்டமும் நிற்காது. இரண்டு இட்லி, ஒரு முட்டை சாப்பிட்டுப் போங்கள்.

நோன்புக் காலத்தில் பகலெல்லாம் சாப்பிடாமலேயே எடை கூடுபவர்கள் உண்டு. திறக்கும்போது பேரீச்சம்பழம், தண்ணீர், ஒரு கிண்ணம் கஞ்சி. பிறகு தொழுகை. சமோசாவும் வடையும் தட்டில் குவிந்திருந்தால் ஒன்று. கஞ்சியிலேயே அரிசியும் தேங்காய்ப்பாலும் இருப்பதால் இரவுச் சாப்பாட்டில் சோறு பாதிதான். விடியுமுன் உண்ணும் சஹருக்கு முட்டை அல்லது மீனும் தயிரும் கட்டாயம் இருக்கட்டும்.

விருந்து முடிந்த பிறகு என்ன என்பதுதான் முக்கியம். "இன்றைக்குப் போச்சு, திங்கட்கிழமையிலிருந்து பார்ப்போம்" என்றால் நடுவிலே நாலு நாள் கைமீறிப் போகும். திரும்பும் இடம் அடுத்த வேளை. அந்த வேளையில் குறைத்துச் சாப்பிடத் தேவையில்லை, உங்கள் வழக்கமான டம்ளர் அளவு போதும்.

மனம் தளராமல் இருக்க

உற்சாகம் வரும், போகும். அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். உடம்பு சரியில்லாத நாளிலும் துக்க வீட்டுக்குப் போன நாளிலும் செய்யக்கூடிய சிறிய அளவு ஒன்றை முடிவுசெய்யுங்கள்: "மதியச் சோறு இரண்டு டம்ளர், பத்து நிமிட நடை." அதைச் செய்த நாளில் சமையலறை நாள்காட்டியில் ஒரு கோடு. மாதத்தில் 22 கோடு இருந்தால் எடை இறங்கும்; முப்பதும் வேண்டியதில்லை. இலக்கை இப்போதைய எடையில் ஐந்து சதவீதம் என்று வையுங்கள். 80 கிலோ உள்ளவருக்கு 4 கிலோ. அவ்வளவு இறங்கினாலே இரத்தச் சர்க்கரையும் அழுத்தமும் பலருக்குச் சீராகும்.

வீட்டில் ஒருவருக்குச் சொல்லுங்கள், ஊருக்குச் சொல்ல வேண்டாம். சொன்னவரிடம் குறிப்பிட்ட ஒரு வேலையாகக் கேளுங்கள்: "என்னங்க, ராத்திரிக்குப் பரோட்டா வாங்கிட்டு வராதீங்க" என்பது போல. "எனக்கு உதவி செய்" என்று பொதுவாகக் கேட்டால் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியாது.

நடை காலை ஏழு மணிக்குள் முடியட்டும்; அதற்குப் பிறகு இங்கே வெயிலும் புழுக்கமும் தாங்காது. அரைமணி வேக நடையில் 100 முதல் 150 கலோரிதான் செலவாகும், அதாவது ஒரு வடை. எடையை இறக்குவது சாப்பாட்டளவு. இறங்கியதை ஏறாமல் பிடிப்பதில் நடைக்குப் பங்கு அதிகம். பொதபொதவென்ற மணலில் நடந்தால் கெட்டித் தரையைவிட இரு மடங்குக்கும் மேல் சக்தி செலவாகும். முழங்கால், குதிகால் வலி உள்ளவர்கள் அலை நனைத்த கெட்டி மணலில் நடக்கவும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் வெறுங்காலோடு கடற்கரைக்குப் போகவே கூடாது. சிப்பி ஓடும் தூண்டில் முள்ளும் குத்தியது தெரியாமல் புண்ணாகும். வாரத்தில் இரண்டு நாள் நாற்காலியில் கை ஊன்றாமல் பத்து முறை உட்கார்ந்து எழுவதும், சுவரில் கை வைத்துப் பத்து முறை தள்ளுவதும், மூன்று சுற்று செய்தால் தசை கரையாமல் நிற்கும்.

மருத்துவரைப் பார்க்க வேண்டிய இடங்கள்

இன்சுலின் அல்லது சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் சோற்றைக் குறைக்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள். மருந்தளவு மாறாமல் சாப்பாடு மட்டும் குறைந்தால் சர்க்கரை தாழ்ந்து வியர்வை, நடுக்கம், மயக்கம் வரலாம். இரண்டு மூன்று நாளில் எடை இரண்டு கிலோ ஏறி, கால் வீங்கி, மூச்சும் வாங்கினால் அது சாப்பாட்டுக் கணக்கில்லை. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அளவு சரியாக இருந்தும் எடை தொடர்ந்து ஏறினால் தைராய்டு பரிசோதனை செய்யுங்கள், சாப்பிடும் மருந்துகளையும் காட்டுங்கள். ஸ்டீராய்டும் சில மனநல மருந்துகளும் எடையை ஏற்றும். அவற்றை நீங்களாக நிறுத்தக் கூடாது. கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் இங்கே சொன்ன அளவுகளைப் பின்பற்ற வேண்டாம். யாருக்கும் தெரியாமல் அளவின்றிச் சாப்பிடுவது, பிறகு வாந்தி எடுப்பது என்று போய்க்கொண்டிருந்தால், அது சிகிச்சையால் சரியாகக்கூடிய நோய். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.